கொழும்பில் பாவித்த பிரீமியம் ஹட்ச்பேக் வாங்குமுன்: எது பழுதாகும், எவ்வளவு செலவாகும்

பாவித்த ஐரோப்பிய ஹட்ச்பேக் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விற்பவர் கேட்கும் விலையையும் மீட்டரில் உள்ள கிலோமீற்றரையும் மட்டுமே பார்க்கிறார்கள். ஆடி ஏ1, ஏ3, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், போலோ, பிஎம்டபிள்யூ 1 சீரிஸ், மெர்சிடிஸ் ஏ கிளாஸ் போன்ற கார்களில் இவற்றை விட முக்கியமான எண் ஒன்று உண்டு: கார் உங்கள் கைக்கு வந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் அது கேட்கப்போகும் பழுதுபார்ப்புச் செலவு. அந்தச் செலவை முற்பணம் கொடுப்பதற்கு முன்பே ஓரளவு கணிக்க முடியும். கணித்தவருக்குத்தான் கேட்கும் விலை நியாயமா என்று தெரியும்.

இந்த வகைக் கார்களில் கொழும்பு வீதிகளில் அதிகம் காணப்படுவது சிறிய டர்போ என்ஜின் பூட்டிய ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக் கார்களே. 1000 சிசிக்கு உட்பட்ட என்ஜின்களுக்கு இறக்குமதி வரி குறைவாக விழுந்த ஆண்டுகளில், மூன்று சிலிண்டர் கொண்ட 1.0 லீற்றர் ஆடி ஏ1 இங்கு நிறைய வந்திறங்கியது. ஆகவே இந்தக் கட்டுரை அந்தக் குடும்பத்தின் மீதே அதிகம் நிற்கிறது. மற்றவற்றைப் பின்னர் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2020க்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. பின்னர் 300 அளவுக்கு வந்து நின்றது. அதே ஆண்டில் எரிபொருள் இல்லாமல் கார்கள் வாரக்கணக்கில் ஓடாமல் நின்றன. இன்று விற்பனைக்கு வரும் பத்து வயதுக் கார் ஒன்று இந்தக் காலம் முழுவதையும் இங்கேயே கடந்திருக்கும். புதிய உதிரிப்பாகம் கிடைக்காமலோ, கிடைத்தும் விலை கட்டுப்படியாகாமலோ, பல உரிமையாளர்கள் பாவித்த பாகத்தைப் போட்டார்கள், பழையதையே திருத்திப் பூட்டினார்கள், அல்லது எச்சரிக்கை விளக்கை அழித்துவிட்டு ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை; வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்தத் தற்காலிக வேலைகளின் மீதிச் செலவு வாங்குபவரிடம் வந்து சேர்கிறது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். 2021இல் இன்ன பாகத்துக்கு இவ்வளவுதான் செலவானது என்று விற்பவர் காட்டும் பில், அந்த வேலை நடந்ததற்குச் சான்றாகுமே தவிர, இன்றைய விலைக்கு வழிகாட்டியாகாது.

கியர்பொக்ஸ்: முதலில் பார்க்க வேண்டியது

சிறிய டர்போ என்ஜினுடன் வரும் ஏழு வேக டிஎஸ்ஜி தானியங்கிக் கியர்பொக்ஸ், ஆடியில் எஸ் டிரோனிக் என்று அழைக்கப்படுவது, தொழில்நுட்பப் பெயரில் டிகியூ200 ஆகும். இது ஒயிலில் மூழ்காத உலர் இரட்டைக் கிளட்ச் கொண்டது. வேகமாக ஓடும்போது மிகத் திறமையான கியர்பொக்ஸ். ஆனால் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை மாலை நேரத்தில் காலி வீதியில் அடிமேல் அடியாக ஊர்வது இதற்கு மிகக் கடினமான வேலை. கார் ஊரும் ஒவ்வொரு தடவையும் கிளட்ச் பாதி பிடித்த நிலையில் தேய்கிறது. அந்த வெப்பத்தை எடுத்துச் செல்ல ஒயிலும் இல்லை.

இதன் பழுதுகள் இரண்டு வகை. முதலாவது கிளட்ச் தேய்வு. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போதும், பின்னோக்கி எடுக்கும்போதும் கார் நடுங்கும். இரண்டாவது, கியரை மாற்றும் ஹைட்ரோலிக் பகுதியும் மின்னணுப் பகுதியும் சேர்ந்த மெக்கட்ரோனிக் என்ற தொகுதியின் பழுது. அதற்குள் எண்ணெய் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யுமுலேட்டர் பூட்டப்பட்ட இடத்தில் அலுமினிய உடலில் வெடிப்பு விழுந்து, அழுத்தம் கசிவது நன்கு அறியப்பட்ட கோளாறு. அப்போது பி17பிஎஃப் அல்லது பி189சி என்ற பிழைக் குறியீடு, காரின் கணினியை ஸ்கேன் பண்ணினால் வரும். கார் சில வேளை ஒற்றைப்படைக் கியர்களில் மட்டும் ஓடும். சில வேளை நடு வீதியில் நின்றே விடும்.

இந்தக் கியர்பொக்ஸுக்கும் நம் காலநிலைக்கும் உள்ள பொருத்தமின்மை உற்பத்தியாளரும் ஏற்றுக்கொண்ட ஒன்று. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று ஓடும் கார்களில், செயற்கைக் கியர் ஒயிலால் மின்கோளாறு ஏற்படக்கூடும் என்று 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் ஏறத்தாழ 16 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, கனிம ஒயிலுக்கு மாற்றிக் கொடுத்தது. 2013க்கு முற்பட்ட கார் ஒன்றைப் பார்க்கிறீர்களென்றால், இந்த மாற்றம் அதில் நடந்ததா என்பதற்கு எழுத்துமூலச் சான்று கேளுங்கள். சான்று இல்லையென்றால் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

செலவு விடயத்தில் இவ்விரண்டு பழுதுகளும் வேறுபட்டவை. கிளட்ச் மாற்றுவதற்குக் கியர்பொக்ஸை முழுவதும் இறக்க வேண்டும். அதற்கென்றே உள்ள விசேட கருவிகள் தேவை. பூட்டிய பின் ஸ்கேன் கருவி கொண்டு கிளட்சைப் பழக்கப்படுத்தவும் வேண்டும். தரமான இரட்டைக் கிளட்ச் தொகுதியின் விலை ஐரோப்பியச் சந்தையிலேயே ஏறத்தாழ 400 முதல் 700 யூரோ வரை வரும். யூரோ 300 ரூபாய்க்கு மேல் நிற்கும் நிலையில் கப்பற்கூலி, வரி, கடைக்காரரின் இலாபம் ஆகியவற்றைச் சேர்த்தால், கூலிக்கு முன்பே ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாது. இரண்டு மூன்று இலட்சம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. மெக்கட்ரோனிக்கோ கியர்பொக்ஸின் வெளிப்புறத்தில் பூட்டப்பட்டிருப்பதால், கியர்பொக்ஸை இறக்காமலே கழற்ற முடியும். கூலி குறைவு, பாகம்தான் விலை. புதிய தொகுதி 1000 யூரோவைத் தாண்டும். ஆனால் வெடித்தது அக்யுமுலேட்டரின் இருக்கை மட்டும் என்றால், வலுப்படுத்தப்பட்ட திருத்தத் தொகுதி ஒன்றைப் பூட்டி அதில் ஒரு சிறு பங்குச் செலவில் முடிக்கலாம். இதனால்தான், “மெக்கட்ரோனிக் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும்” என்று ஒரு கராஜில் சொன்னவுடன் தலையாட்டக் கூடாது. எந்தப் பிழைக் குறியீடு, உள்ளே எந்தப் பகுதி, திருத்த முடியாது என்பதற்கு என்ன காரணம் என்று கேளுங்கள். விளக்கம் சொல்லாத கராஜில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்க எங்கே போவது

விற்பவர்கள் ஞாயிறு காலையில் மரைன் டிரைவில் ஓட்டிக் காட்ட விரும்புவார்கள். அங்கு எந்த டிஎஸ்ஜியும் அருமையாகத்தான் ஓடும். வார நாளில், மாலை ஐந்து மணிக்குப் பிறகு, நெரிசலுக்குள் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். கியர்பொக்ஸ் நன்றாகச் சூடேறிய பின்னர், ஏதாவது கட்டடத்தின் வாகனத் தரிப்பிடச் சரிவில் காரை நிறுத்தி, மெதுவாகப் பின்னோக்கி ஏற்றுங்கள். குளிர்ந்த நிலையில் மறைந்திருக்கும் நடுக்கம் இந்த ஒரு சோதனையில் வெளிப்பட்டு விடும். கார் முன்னே நகரத் தயங்கி, பிறகு திடீரெனப் பாய்ந்தாலும் அதே சந்தேகம்தான்.

இதற்கு நேர்மாறாக, என்ஜினைப் பார்ப்பது குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். நீங்கள் வரும் முன்பே விற்பவர் காரை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால், வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பி விடுங்கள். பொனட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

என்ஜின்

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பழைய 1.2, 1.4 டர்போ என்ஜின்கள் ஈஏ111 என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் செயின் உண்டு. 2012 முதல் படிப்படியாக வந்த ஈஏ211 குடும்பத்தில் செயினுக்குப் பதிலாக டைமிங் பெல்ட் உண்டு. கோல்ஃபில் ஏழாம் தலைமுறையிலிருந்தும், ஆடி ஏ1இல் 2015 முகமாற்றத்திலிருந்தும் புதிய குடும்பம் வருகிறது. வாங்கும் தெரிவு உங்கள் கையில் இருந்தால், பழைய குடும்பத்தைத் தவிர்த்து விடுங்கள் என்பதே என் கருத்து. செயின் நீண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடிகள் உலோகச் சலசலப்புக் கேட்கும். அதைக் கவனிக்காமல் விட்டுச் செயின் பல் தாண்டினால் வால்வுகள் வளைந்து என்ஜினையே பிரிக்க வேண்டி வரும். அந்தச் செலவுக்குப் பின் அப்படியொரு காரை வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

புதிய என்ஜினில் அதிகம் காணப்படும் கோளாறு கூலன்ட் கசிவு. தெர்மோஸ்டாட்டும் வோட்டர் பம்ப்பும் ஒன்றாகச் சேர்ந்த பிளாஸ்ரிக் தொகுதி ஒன்று கியர்பொக்ஸ் பக்கமாக என்ஜினில் பூட்டப்பட்டிருக்கிறது. வெப்பத்தால் அந்தப் பிளாஸ்ரிக் வளைந்து, மூட்டுகளில் மெல்லக் கசியும். சொட்டுச் சொட்டாகக் கீழே விழுவதற்கு முன்பே சூட்டில் ஆவியாகி விடுவதால் தரையில் அடையாளம் இருக்காது. தொகுதியின் கீழே காய்ந்த இளஞ்சிவப்புப் படிவமாக மட்டும் தெரியும். டோர்ச் வெளிச்சம் அடித்துத் தேடிப் பாருங்கள். கூலன்ட் போத்தலின் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து, நிறத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறத்துக்குப் பதில் பச்சையாகவோ துரு நிறமாகவோ வெறும் நீராகவோ இருந்தால், குறையும்போதெல்லாம் கையில் கிடைத்ததை ஊற்றியே ஓடியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் தொகுதி தரமான மாற்றுத் தயாரிப்பாக ஐரோப்பாவில் ஏறத்தாழ 100 முதல் 200 யூரோ. இங்கே கூலியும் கூலன்டும் சேர ஓர் இலட்சம் ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கலாம். வாங்காமல் விடுவதற்கு இது காரணமாகாது. விலையைக் குறைக்கக் கேட்பதற்குக் காரணமாகும். ஆனால் கசிந்தபடியே ஓட்டி என்ஜின் ஒரு தடவை அளவுக்கு மீறிச் சூடேறிய கார் என்றால் கதை வேறு. பழைய பிழைக் குறியீடுகளையும் ஒயில் மூடியின் அடியில் பால் நிறப் படிவு இருக்கிறதா என்பதையும் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பெற்றோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின்கள் இவை. ஆகவே உள்ளெடுக்கும் வால்வுகளைப் பெற்றோல் கழுவுவதில்லை. அவற்றின் மீது கரி படிகிறது. குறுந்தூரம், குறைந்த வேகம் என்று ஓடும் நகரத்துக் காரில் இது விரைவாகப் படியும். காலையில் ஸ்டார்ட் பண்ணியவுடன் என்ஜின் துடிப்பது, அக்சிலேட்டரை மிதித்ததும் தயங்குவது இதன் அடையாளங்கள். மனிஃபோல்டைக் கழற்றிக் கரியை நேரடியாக நீக்குவதுதான் உண்மையான தீர்வு. பாகச் செலவு கேஸ்கட்டுகளுக்கு மட்டும், மற்றதெல்லாம் கூலி. அதே துடிப்பு இக்னிஷன் கொயில் பழுதானாலும் வரும், அது மிக மலிவான வேலை. எனவே கொயிலையும் பிளக்கையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டர் என்ஜின் இயல்பாகவே சற்று அதிரும் என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை. அந்த அதிர்வு சீராக இருக்கும், இடையிடையே தவறாது.

ஒயில் குறைவது பற்றியும் கேளுங்கள். 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் வரை குறையலாம் என்பது உற்பத்தியாளர் கைநூலில் சொல்லும் எல்லை. நன்றாக இருக்கும் ஈஏ211 என்ஜின் ஒன்று அந்த எல்லைக்கு அருகில் கூடப் போகாது. எரிபொருள் 95 ஒக்டேன். எரிபொருள் மூடியின் உட்புறத்திலேயே எழுதியிருக்கும். இத்தனை ஆண்டும் 92 அடித்துத்தான் ஓடினேன், ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்தக் காரை நான் வாங்க மாட்டேன்.

மற்றப் பழுதுகள்

ஏசியில் ஒரு விடயம் பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் பழைய ஆர்134ஏ வாயு நிரப்பத் தடை வந்தது. பிரித்தானியாவிலிருந்து வந்த அதற்குப் பிந்தைய கார்களில் ஆர்1234ஒய்எஃப் என்ற விலை கூடிய வாயு இருக்கும். கொழும்பில் சில இடங்களில் பழைய வாயுவையே நிரப்பி அனுப்பி விடுகிறார்கள். பொனட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள லேபலைப் பார்த்து, கடைசியாக நிரப்பியது எது என்று கேளுங்கள். கடற்கரையோரம், அதாவது பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் நிறுத்தப்பட்ட கார்களில் கொண்டென்சர் உப்புக் காற்றில் அரித்திருக்கும். அடிப்பக்கத்து போல்ட்டுகளும் அப்படியே.

முன் சக்கரப் புஷ்கள், ஸ்டெபிலைசர் லிங்க், ஷொக் மவுண்ட் ஆகியவை இங்குள்ள வீதிகளில் தேயத்தான் செய்யும். சத்தம் பெரிதாக இருந்தாலும் செலவு சிறிதே, பயப்படத் தேவையில்லை. ஸ்டார்ட் ஸ்டொப் வசதியுள்ள காரில் சாதாரண பற்றரி போடப்பட்டிருந்தால் மின்கோளாறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகைதான் வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். 2016 மே மாதத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நீர் ஏறியதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் வந்த வெள்ளத்தையும் மனதில் வைத்து, சீற் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியின் அடியில் ஸ்பெயார் டயர்க் குழியையும், தரை விரிப்பின் கீழே உள்ள நுரைப் பஞ்சையும் தொட்டுப் பாருங்கள்.

வேறு தயாரிப்புகள்

2011 முதல் 2019 வரை வந்த பிஎம்டபிள்யூ 1 சீரிஸில் இருக்கும் எட்டு வேக இசட்எஃப் கியர்பொக்ஸ், தேயும் கிளட்சுக்குப் பதில் திரவத்தின் வழியே சக்தியைக் கடத்தும் டோர்க் கொன்வேர்ட்டர் கொண்டது. கொழும்பு நெரிசலை அது நன்றாகத் தாங்குகிறது. வாழ்நாள் முழுவதும் ஒயில் மாற்ற வேண்டாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். கியர்பொக்ஸைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. ஒயில் பானும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்ரிக் பாகமாக வருவதால் செலவு சற்று அதிகம். அந்தக் காரில் வால்வு கவர், ஒயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட்டுகளில் ஒயில் கசிகிறதா என்று பாருங்கள். பற்றரி மாற்றினால் அதைக் காரின் கணினியில் பதிய வேண்டும். மெர்சிடிஸ் ஏ கிளாஸின் இரட்டைக் கிளட்ச் ஒயிலில் இயங்குவது; ஒயில் ஒழுங்காக மாற்றப்பட்ட பில் இருந்தால் கவலை குறைவு. லெக்ஸஸ் சிடி200எச் பற்றி ஒரு வார்த்தை: அதன் ஹைபிரிட் அமைப்பு மூன்றாம் தலைமுறை பிரியஸுடையதே. பிரியஸும் அக்குவாவும் நிறைந்த இந்நகரத்தில் அதைத் திருத்தத் தெரிந்த கைகள் ஏராளம். பராமரிப்பை நினைத்துப் பயப்படுகிறவருக்கு நான் முதலில் சொல்வது அந்தக் காரைத்தான்.

பாகம் எங்கிருந்து வருகிறது

ஒரே பழுதுக்கு மூன்று கராஜ்களில் மூன்று விலை சொல்லப்படுவதன் காரணம், பெரும்பாலும் கூலி வித்தியாசமல்ல. முகவர் நிறுவனத்தில் லோகோ பொறித்த பெட்டியில் வரும் பாகம், அதே பாகத்தைத் தொழிற்சாலைக்குச் செய்து கொடுக்கும் போஷ், லுக், சாக்ஸ், மாலே போன்ற நிறுவனங்களின் பெட்டியில் வருவது, பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த பாகம், யாருடையது என்று தெரியாத மலிவுப் பிரதி என்று நான்கு வகை இருக்கின்றன. பொதுவாக இரண்டாவது வகையே பணத்துக்கு ஏற்ற தெரிவு. பஞ்சிகாவத்தையில் கதவு, கண்ணாடி, லாம்பு, சீற், அலோய் ரிம் போன்ற, கண்ணால் பார்த்துத் தரம் அறியக்கூடிய பாகங்களைத் தயங்காமல் வாங்கலாம். கிளட்ச், வோட்டர் பம்ப், பெல்ட், பிரேக் பாகங்கள் ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்கவே கூடாது. பாகத்தில் மிச்சப்படுத்திய பணம் இரண்டாவது தடவை கழற்றிப் பூட்டும் கூலியில் போய்விடும். பாவித்த மெக்கட்ரோனிக் வாங்குவதென்றால் பாக எண் ஒத்துப்போக வேண்டும், பூட்டிய பின் ஸ்கேன் கருவியால் காருடன் பொருத்தி அமைக்க வேண்டும், ஒரு மாத உத்தரவாதமாவது எழுத்தில் வேண்டும்.

விலை பேசுவதற்கு முன்

முழுமையான ஸ்கேன் ஒன்றை உங்கள் செலவில், நீங்கள் தெரிவு செய்த இடத்தில் செய்யுங்கள். குறியீடுகளை மட்டுமல்ல, ஒவ்வொரு குறியீட்டுடனும் பதிவாகியுள்ள கிலோமீற்றரையும் அச்சிட்டுக் கேளுங்கள். மீட்டரில் 60,000 காட்டும் காரின் கியர்பொக்ஸ் கணினியில், 95,000இல் பதிவான பிழை இருந்தால், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பிரித்தானியாவில் ஓடிய காருக்கு, எம்ஓடி என்ற அந்நாட்டு வாகனத் தகுதிப் பரிசோதனையின் பதிவைப் பார்க்கலாம் என்பார்கள். ஆனால் அங்கு முதல் எம்ஓடி பரிசோதனை மூன்று வயதில்தான் வருகிறது. இறக்குமதிக்கு வயது எல்லை இருப்பதால் பல கார்கள் அதற்கு முன்பே கப்பலேறியவை. பதிவு இல்லாதது மட்டும் சந்தேகத்துக்குக் காரணமாகாது. ஸ்கேன் குறிப்பும் சேர்விஸ் பில்களும்தான் அதிகம் சொல்லும். பதிவுச் சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்து விடுங்கள்.

பிறகு ஒரு தாளில், உடனே செய்ய வேண்டியது, ஓராண்டுக்குள் வரக்கூடியது என்று இரண்டாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடங்களிலாவது விலை கேளுங்கள். முதற்பகுதியின் தொகை முழுவதையும் கேட்கும் விலையிலிருந்து கழிக்கச் சொல்வது நியாயம். இரண்டாவது பகுதியில் பாதியைக் கேட்கலாம். இதற்கு மேலாக, வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது தனியாக வைத்திருங்கள். லீசிங் தவணையோடு கையிருப்பு முழுவதும் தீர்ந்துவிடும் என்றால், இந்த ஆண்டு ஜப்பானிய ஹட்ச்பேக் ஒன்றை வாங்குவதே உங்கள் குடும்பத்துக்கு நல்லது.

கார் கைக்கு வந்ததும், முந்தைய பில் எதுவாக இருந்தாலும், என்ஜின் ஒயில், ஃபில்டர்கள், பிளக், பிரேக் ஒயில், கூலன்ட் ஆகியவற்றை மாற்றி விடுங்கள். ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கு ஒயில் போத்தலில் 502 அல்லது 504 என்ற அங்கீகார எண் இருக்க வேண்டும். கைநூலில் சொல்லப்படும் 15,000 கிலோமீற்றர் இடைவெளி இந்த நெரிசலுக்கு மிக நீண்டது. அதில் பாதியில் மாற்றுங்கள். வீதிச் சமிக்ஞை விளக்குகளில் நிற்கும்போது பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடியுங்கள், கிளட்ச் விடுபடும். முன்னால் உள்ள கார் ஓரடி நகர்ந்ததற்காக நீங்களும் ஊர வேண்டாம், இரண்டு கார் இடைவெளி விழும் வரை காத்திருங்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். வேலைக்கு விடும் ஒவ்வொரு தடவையும், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, புதிய பாகத்தின் பெட்டியையும் பாக எண்ணுடன் கூடிய பில்லையும் வாங்கி வைத்திருங்கள்.